காலையில் சுற்றாத ரிவால்வர்

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஒர்க்ஷாப்பிலிருந்து இரண்டு பேர் உத்திரமேரூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். போலீஸ் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள். "சார், உங்க சர்வீஸ்ல இருந்து எதனா எழுதிக் குடுங்க, நாங்க எல்லாரும் படிச்சிக்கிறோம்" என்றார்கள். நான் என்ன எழுதுவது? துப்பாக்கியை எப்படிப் பிரிப்பது, எப்படித் துடைப்பது, எப்படிப் பூட்டுவது எல்லாம் புத்தகத்தில் படம் போட்டு இருக்கிறது. அதை நான் மறுபடி எழுதினால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் தூக்கம் வரும். அதனால் புத்தகத்தில் இல்லாத ஒரு சங்கதியை எழுதுகிறேன். ஒரு ரிவால்வர் என்னை எப்படி முட்டாளாக்கியது என்ற சங்கதி.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது. உத்திரமேரூருக்கும் வாலாஜாபாத்துக்கும் இடைப்பட்ட ஸ்டேஷன்களில் ஒன்று. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கே எனக்குப் போன் வரும். எல்லா இடத்துக்கும் பிஸ்டல் வந்துவிட்ட பிறகும் அந்த ஸ்டேஷனில் பழைய ரிவால்வர் ஒன்று மிச்சம் இருந்தது. ஆறு குண்டு போடும் சிலிண்டர். ட்ரிகரை இழுத்தால் சிலிண்டர் ஓர் அறை நகர்ந்து அடுத்த குண்டு வரும். அது நகராவிட்டால் ரிவால்வர் வெறும் இரும்பு. இவ்வளவு தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும்.

அந்த ஸ்டேஷனில் ஆயுதங்களுக்குப் பொறுப்பு ஏட்டு தணிகாசலம். நெற்றி நிறைய விபூதி. துப்பாக்கிக்கும் பூசுவார், லத்திக்கும் பூசுவார், ஜீப் ஸ்டியரிங்குக்கும் பூசுவார். வேலையில் சுத்தமான மனிதர். அந்த ஜனவரி மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார். மடியில் வைத்துக்கொண்டு வந்த பையிலிருந்து ரிவால்வரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சார், சிலிண்டர் சுத்த மாட்டேங்குது. காலைல இன்ஸ்பெக்டரம்மா செக் பண்ணாங்க. கல்லு மாரி கீது."

குண்டு இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டேன். அதை மட்டும் நான் எந்தக் காலத்திலும் மறந்ததில்லை. பிறகு சிலிண்டரை ஒரு விரலால் தட்டினேன். கல்யாண மண்டபத்து ஃபேன் மாதிரி சுற்றியது.

"இது இன்னா ஏட்டையா?"

"காலைல சுத்தல சார். சாமி சத்தியமா."

"மார்கழி மாசம் இல்ல, அதுக்கும் குளிருது போல. ராத்திரில போர்வ போத்தி வையிங்க" என்றேன். ஒர்க்ஷாப்பே சிரித்தது. தணிகாசலமும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். நான் நோட்டில் 'பரிசோதித்தேன், குறை இல்லை' என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் மறுபடி வந்தார். அதே மதியம், அதே பை. இந்தத் தடவை கையில் ஆதாரம் இருந்தது. ஸ்டேஷனில் புவனா என்று ஒரு பெண் கான்ஸ்டபிள், அவர் காலையில் செல்போனில் வீடியோ எடுத்திருந்தார். வீடியோவில் தணிகாசலம் ரிவால்வரைப் பிடித்துக்கொண்டு சிலிண்டரைக் கட்டைவிரலால் தள்ளுகிறார். முகம் சிவக்கிறது. சிலிண்டர் அசையவில்லை. பின்னால் கோயில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருக்கிறது.

அதே ரிவால்வர் என் மேஜையில் அப்போதும் ஃபேன் மாதிரிதான் சுற்றியது.

"ஏட்டையா, அடியில விரலு குடுத்துப் புடிச்சிக்கினா எது சுத்தும்?"

"நான் புடிக்கல சார்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

நான் நோட்டை எடுத்து 'ஆயுதத்தில் குறை இல்லை. கையாளுவதில் குறை' என்று எழுதினேன். எழுதி முடித்து ஒரு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டேன். எனக்கே என் நடை பிடித்திருந்தது.

நண்பர்களே, நம் வேலையில் சுத்தியல், ஸ்க்ரூ ட்ரைவர் எல்லாவற்றையும் விட ஆபத்தான கருவி அந்த நோட்டும் பேனாவும்தான். நான் எழுதிய அந்த ஒரு வரியின் நகல் வழக்கப்படி டி.எஸ்.பி. அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து ஒரு மெமோவாகத் தணிகாசலத்தின் தலையில் இறங்கியது. அரசு ஆயுதத்தை முறையாகக் கையாளாததற்கு உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று.

அன்றைக்கே இன்ஸ்பெக்டரம்மா எனக்குப் போன் செய்தார்.

"சார், காலையில ஆறு மணிக்கு நானே பாத்தேன். சுத்தல. நீங்க எழுதினதால ஏட்டையாவுக்கு மெமோ வந்திருக்கு. அவர் ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்ல. அதுக்குள்ள இது முடியலைன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். நம் இலாகாவில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். கடைசி நாள் மாலை போட்டு, ஜீப்பில் வீடு வரை கொண்டுபோய் விடுவதற்குப் பதிலாக ஒரு சஸ்பென்ஷன் ஆர்டரைக் கையில் கொடுப்பார்கள். வீட்டில் சொந்தக்காரர்கள் கூடி, வாசலில் பந்தல் போட்டிருப்பார்கள். அந்தப் பந்தலுக்குள் மனுஷன் காகிதத்தோடு நடந்து வர வேண்டும்.

தெரிந்தும் எனக்கு வீம்பு. "காலைல ஒரு துப்பாக்கி, மதியம் ஒரு துப்பாக்கியா மேடம்?" என்றேன்.

"ஆமா சார், அப்படித்தான் இருக்கு. அதனாலதான் காலையில வந்து பாருங்கன்னு சொல்றேன்."

"ஒர்க்ஷாப் பத்து மணிக்குத்தான் தொறக்கும் மேடம்."

இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை அறைய வேண்டும் போல இருக்கிறது. நோயாளி காலையில் வலிக்கிறது என்கிறான், டாக்டர் மதியம்தான் பார்ப்பேன் என்கிறார். அந்த டாக்டரை நீங்கள் என்ன சொல்வீர்களோ அதை எனக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.

இன்ஸ்பெக்டரம்மா விடவில்லை. டி.எஸ்.பி.யிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்துவிட்டார். அடுத்து சுடும் பயிற்சி நடக்கிற அன்று விடியற்காலையில், மலையடிவாரத்து ரேஞ்சில், டி.எஸ்.பி. முன்னிலையில், ஆர்மரரான நானும் இருக்க, அந்த ரிவால்வரைச் சுட்டுப் பார்ப்பது. சுட்டால் தணிகாசலம் பொய்யர், சிக்கினால் நான்.

காதை மூடிய குல்லாவோடு போய்ச் சேர்ந்தேன். பாலாற்றுப் பக்கத்திலிருந்து வந்த பனியில் பத்தடி தள்ளி நிற்கிறவர் முகம் தெரியவில்லை. தணிகாசலம் விபூதியும் சட்டையுமாக நின்று, எனக்கு சல்யூட் வைத்தார். ரிவால்வரை வாங்கிப் பார்த்தேன். இடுக்குகளில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. இன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே விபூதி பூசியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டரம்மா சிலிண்டரைக் கொஞ்சம் பலவந்தமாகவே தள்ளி, குண்டுகளைப் போட்டு, மண்மேட்டைப் பார்த்துச் சுட்டார். முதல் குண்டு போனது. நான் தணிகாசலத்தைப் பார்த்தேன், 'இப்ப இன்னா சொல்றீங்க' என்கிற பார்வை. இரண்டாவது குண்டுக்கு ட்ரிகரை இழுத்தார். அது பாதி வந்து நின்றுவிட்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. சிலிண்டரும் அசையவில்லை. உள்ளே இன்னும் வெடிக்காத ஐந்து குண்டுகள்.

அந்த நிமிஷம் அங்கே இருந்த எல்லாரும் ஆர்மரர் ஆகிவிட்டார்கள்.

"ஒரு தட்டு தட்டுங்க, வந்துடும்" என்றார் டி.எஸ்.பி.

"லைட்டா பெட்ரோல் வுட்டா புட்டுக்கும் சார்" என்றார் அவருடைய டிரைவர்.

"தலகீயா புடிச்சி ஒரு ஒதறு ஒதறிப் பாக்கலாமா?" என்றார் இன்னொருவர். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

என் தலைக்குள்ளும் ஒரு குரல் கேட்டது. எல்லாரும் பார்க்கிறார்கள், மானம் போகிறது, சீக்கிரம் எதையாவது செய் என்றது. உங்களுக்கும் ஒருநாள் அந்தக் குரல் கேட்கும். அது ஆர்மரரின் குரல் இல்லை, அவமானப்பட்டவனின் குரல். அதை நம்பித் தட்டியவர்களில் சிலருக்கு இன்றைக்கு விரல் எண்ணிக்கை குறையும். நான் எல்லாரையும் பின்னால் போகச் சொன்னேன். குழல் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க, குண்டைத் தட்டும் பின்பக்க ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரம்மா கையிலிருந்து ரிவால்வரை என் கைக்கு மாற்றி வாங்கினேன். அப்படியே ஒரு கோணிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன பண்றீங்க?" என்றார் டி.எஸ்.பி.

"ஒண்ணும் பண்ணல சார்."

"எவ்வளவு நேரம் ஒண்ணும் பண்ணாம இருப்பீங்க?"

"இன்னா கோளாறுன்னு தெரியிற வரைக்கும் சார்."

அவருக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங். வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். நான் இரண்டு கையும் நீட்டி மண்மேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களுக்கு நாஷ்டா வந்தது. பொங்கல் வாசனை எனக்குத் தெரியாது, ஏனென்றால் எனக்கு அப்போது மூக்குப்பொடி பழக்கம். இருபது வருஷமாகப் பொடி போட்டுப் போட்டு என் மூக்கு தும்முவதற்கு மட்டும்தான் உதவியது. ஆனால் இலையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. வயிறு கூவியது.

யாரோ என் பக்கத்தில் வந்து குனிந்தார்கள். தணிகாசலம்.

"சார், கைய எடுக்காதீங்க. நான் புடிச்சிக்கிறேன், டீய மட்டும் குடிங்க."

டம்ளரை என் வாயருகே பிடித்துக்கொண்டு, சூடு பார்த்துப் பார்த்து ஊட்டினார். இரண்டு தடவை நோட்டில் நான் பொய்யன் ஆக்கிய மனிதர். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், மண்மேட்டைப் பார்த்தபடியே குடித்தேன்.

எட்டு மணி வாக்கில் பனி விலகி வெயில் முதுகில் ஏறியது. ரிவால்வர்மேலும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நான் விபூதி என்று நினைத்த வெள்ளை, கண்ணெதிரே காணாமல் போனது. என் விரலிடுக்கில் ஈரமாக ஏதோ வழிந்து, மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக் கைக்குள் போனது.

டம்ளர்களை எடுக்க வந்த புவனா என் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"தேங்கெண்ண வாசன வருதே. யார்னா தலைக்கு வெச்சிக்கினு வந்தீங்களா?"

எல்லாரும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். டி.எஸ்.பி.க்கு முழு வழுக்கை, ஆனாலும் அவரும் தடவிப் பார்த்தார். நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன்.

"ஏட்டையா, துப்பாக்கிக்கு இன்னா எண்ணெ போட்றீங்க?"

தணிகாசலம் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"வூட்ல கீற தேங்கெண்ண சார்."

"எப்பலேர்ந்து?"

"ஐப்பசிலேர்ந்து சார்."

"நேத்து?"

"நேத்து ரெண்டு கை ஜாஸ்தியா வுட்டேன். டி.எஸ்.பி. ஐயா எதிர்ல சிக்கக் கூடாதுன்னு."

மார்கழிக் காலையில் உங்கள் வீட்டு எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள், ஒரு சொட்டு விழாது. வெண்ணெய் மாதிரி உறைந்து கிடக்கும். வெயிலில் வைத்தால் தண்ணீராகிவிடும். அதேதான் ரிவால்வருக்குள்ளும் நடந்திருக்கிறது. காலையில் உறைந்து, வெடிமருந்துத் தூசியோடு சேர்ந்து, சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். மதியம் ஜீப்பில் வெயில் பட்டு என்னிடம் வரும்போது உருகியிருக்கும். போதாக்குறைக்கு, டாக்டரிடம் போகும் முன்னால் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி, தணிகாசலம் ஒவ்வொரு தடவையும் அதை நன்றாகத் துடைத்து எடுத்து வந்திருக்கிறார். திரும்பப் போய், மறுபடி சிக்கக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டிருக்கிறார். அதுக்கும் குளிருது என்று நான் சொல்லி ஒர்க்ஷாப்பே சிரித்ததே, அதுதான் நோய். வாயால் சொன்னேன், காதால் கேட்கவில்லை. இரண்டு தடவை வந்த மனுஷனிடம் என்ன எண்ணெய் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? கேட்கவில்லை.

இதற்குள் ட்ரிகர் தளர்ந்திருந்தது. மெல்ல விட்டேன், தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சிலிண்டரைத் திறந்து ஐந்து குண்டுகளையும் ஒரு காலித் தோட்டாவையும் எடுத்துக் கோணிமேல் வைத்தேன்.

டி.எஸ்.பி.க்கு ஏகப்பட்ட சந்தோஷம். மீட்டிங்குக்கு நேரம் இருந்தது.

"அப்ப விஷயம் முடிஞ்சுது. கண்ட எண்ணெயையும் ஊத்தினது ஏட்டு. நீங்க எழுதினதுதான் சரி. கையாளுவதில் குறை. அதையே கொஞ்சம் விவரமா எழுதிக் குடுத்துடுங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நான் எழுதியது சரி என்று டி.எஸ்.பி.யே சொல்லிவிட்டார். பேனாவையும் எடுத்துவிட்டேன். எழுதுவதற்கு முன்னால், ஒரு பேச்சுக்காகத்தான், ஜீப் ஓரம் நின்றுகொண்டிருந்த தணிகாசலத்திடம் போய்க் கேட்டேன்.

"துப்பாக்கி எண்ணெ இருக்கும்போது எதுக்குய்யா தேங்கெண்ண?"

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். எண்ணெய் கேட்டு அவர் ஒர்க்ஷாப்புக்கு எழுதிய இண்டென்ட். அதன் குறுக்கே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'காலி டப்பா இல்லையேல் எண்ணெய் இல்லை.' கீழே கையெழுத்து. என் கையெழுத்து.

ஏதோ ஒரு ஸ்டேஷனில் துப்பாக்கி எண்ணெயை வாசல் கேட்டுக்கும் மோட்டார் சைக்கிள் செயினுக்கும் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் போட்ட சட்டம் அது. பழைய டப்பாவைக் கொடுத்தால்தான் புது டப்பா. அந்தச் சட்டத்தில் எனக்கு அப்போது ரொம்பப் பெருமை.

"டப்பா எங்க?"

"ஐப்பசி மழைல ஸ்டேஷனுக்குள்ள தண்ணி பூந்துச்சி சார். அதுல எங்கியோ அடிச்சிக்கினு போயிடுச்சி. ரெண்டு வாட்டி எழுதினேன். ரெண்டு வாட்டியும் திரும்பி வந்திச்சி. துப்பாக்கிய காய வுட முடியாதுல்ல?"

"மெமோவுக்கு இத காட்டி இருக்கலாமே."

"உங்க கையெழுத்து கீது சார் அதுல. நீங்களும் ரெண்டு வருசத்துல போக வேண்டியவரு. உங்கள மாட்டி வுட்டுட்டு நான் மால போட்டுக்கினு போறதா?" குரலைத் தாழ்த்தி, "அதும் இல்லாம, தேங்கெண்ண போட்டேன்னு எப்படி சார் சொல்றது, வெக்கமா கீது" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கம் அவருக்கு இல்லை, எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். நான் உடனே பாய்ந்து எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஜீப்பின் பானெட்டில் காகிதத்தை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். முப்பது வருஷமாக என் பேரில் ஒரு மெமோ கிடையாது. அதைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இந்தப் பெருமையை விட்டுவிட மனசு வரவில்லை. கடைசியில் எழுதினேன். ஆயுதம் காலையில் சிக்கியது உண்மை. தணிகாசலம் சொன்னது அத்தனையும் உண்மை. எண்ணெய் கேட்டு இரண்டு முறை எழுதியும் கொடுக்காதது நான். கேட்க வேண்டியதைக் கேட்காமல் நோட்டில் தவறாக எழுதியதும் நான்.

டி.எஸ்.பி. படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத குடுத்தா மெமோ உங்களுக்கு வரும், தெரியுமில்ல?"

"வரட்டும் சார். எனக்கு ரெண்டு வருசம் டைம் கீது. அவருக்கு இருவது நாள்தான் கீது."

வந்தது. பதில் எழுதினேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். டப்பாச் சட்டத்தை நானே ரத்து செய்தேன். எல்லா ஸ்டேஷனுக்கும் தலா ஒரு டப்பா எண்ணெய் போனது. சிலர் அதைக் கேட்டுக்கு விட்டிருப்பார்கள், விடட்டும். திருடனுக்காகப் போட்ட பூட்டில் நல்லவன் கை நசுங்குவதை விட அது தேவலை. பொடியையும் அந்த வருஷமே விட்டேன். இப்போது உங்களையும், எந்தத் துப்பாக்கி உங்கள் கைக்கு வந்தாலும் முதலில் காலி செய்து, அப்புறம் முகர்ந்து, அப்புறம் கொண்டுவந்தவரை உட்கார வைத்து அவர் சொல்வதை முழுசாகக் கேட்கச் சொல்வேன். பிரிப்பது எல்லாம் அதற்கப்புறம்.

ஜனவரி கடைசி நாள் ஸ்டேஷனில் தணிகாசலத்துக்கு வழியனுப்பு விழா. சஸ்பென்ஷனும் இல்லை, ஒன்றும் இல்லை. கழுத்து மறையும் அளவுக்கு மாலை. இன்ஸ்பெக்டரம்மா என்னையும் கூப்பிட்டிருந்தார். போகலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஏற்புரை சொல்ல எழுந்த தணிகாசலம் ஒவ்வொருவராக நன்றி சொல்லிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"அதோ கடைசில குந்திக்கினு கீறாரே ஆர்மரர் சாரு, அவரு ரெண்டு வாட்டி என்னப் பத்தி எழுதினாரு. மூணாவது வாட்டி அவரப் பத்தியே எழுதிக்கினாரு. மொத ரெண்டு வாட்டி இன்னா எழுதினாருன்னு எனுக்கு மறந்துபோச்சி."

அவருக்கு மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடமாக இருந்திருக்கும். சர்வீஸ் முழுக்க உண்மையே பேசிய மனுஷன், கடைசி நாளில், எனக்காக ஒரே ஒரு பொய் சொன்னார்.